பத்துக்குப் பத்து வாங்கினால் பயப்படுங்கள்

"சைட் வைத்திருப்பவர்கள் கேட்கலாம்" என்று போன இதழில் ஒரு வரி போட்டோம். வந்த கேள்விகளில் முக்கால்வாசி பிளகின் புலம்பல். சினிமா கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளவும்.

ஜவுளிக் கடைக்காரர், ஈரோடு

எங்கள் கடை வெப்சைட்டைச் செய்துகொடுத்த தம்பி, "அண்ணே, ஒரு பிளகின்ல ஓட்டை. பத்துக்கு 9.8" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். நல்ல மார்க்தானே?

மார்க் ஏற ஏற ஃபெயில் ஆகிற பரீட்சை இது. உலகத்தின் எந்த மூலையில் இருந்தும், பாஸ்வேர்ட் இல்லாமல், உங்கள் ஆள் யாரும் எதையும் கிளிக் செய்யாமல், ஒருவர் உங்கள் சைட்டைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டி வைக்கலாம் என்றால்தான் 9.8 கிடைக்கும். தம்பிக்கு உடனே போன் போட்டு அப்டேட் செய்யச் சொல்லுங்கள். மற்ற பதில்களை அப்புறம் படிக்கலாம், இந்தப் பக்கம் எங்கும் ஓடிவிடாது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கும்பகோணம்

பிளகின் என்றால் என்ன? அவசரப்படாமல் சொல்லவும்.

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளை 2003-ல் மேட் மல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் தொடங்கினார்கள். இன்று உலகத்து இணையதளங்களில் பத்துக்கு நான்கு அதில்தான் ஓடுகின்றன. அது அடிப்படையை மட்டும்தான் தரும். தொடர்புப் படிவம் வேண்டும், பணம் வாங்க வேண்டும், முகப்பில் படம் நகர வேண்டும் என்றால், அதற்கென்று யாரோ எழுதி வைத்திருக்கும் நிரல்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவைதான் பிளகின்கள். வேர்ட்பிரஸின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இலவசமாகவே சுமார் 60,000 கிடைக்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், பிளகினுக்கென்று தனி எல்லை எதுவும் கிடையாது டீச்சர். தேதி காட்டுகிற பிளகினும் பணம் வாங்குகிற பிளகினும் ஒரே அதிகாரத்தோடு ஓடுகின்றன. காலண்டர் பிளகினில் ஓட்டை இருந்தால் காலண்டரோடு நிற்காது. வாடிக்கையாளர் பட்டியல், ஆர்டர், முகவரி எல்லாம் இருக்கும் டேட்டாபேஸே பறிபோகலாம். எழுதியவர் பெரிய நிறுவனமாகவும் இருக்கலாம், ஒரு விடுமுறையில் எழுதிப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டவராகவும் இருக்கலாம். இன்ஸ்டால் பட்டனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி

வேர்ட்பிரஸே ஓட்டை, அதைத் தொடாதே என்கிறார் என் சீனியர். சரியா?

அது வாங்கியிருக்கும் கெட்ட பெயரில் பெரும்பங்கு பிளகின்கள் சம்பாதித்துக் கொடுத்தது. 2024-ல் வேர்ட்பிரஸ் உலகத்தில் புதிதாகத் தெரியவந்த ஓட்டைகளை பேட்ச்ஸ்டாக் என்ற எஸ்தோனிய பாதுகாப்பு நிறுவனம் எண்ணிப் பார்த்தது. மொத்தம் 7,966. அதில் 96 சதவீதம் பிளகின்களில், கிட்டத்தட்ட மீதி அனைத்தும் தீம்களில். வேர்ட்பிரஸின் சொந்த நிரலில் 7. சதவீதம் இல்லை தம்பி, ஏழே ஏழு. சீனியரிடம் காட்டுங்கள், ஆனால் அவர் கேன்டீன் பில்லைக் கட்டிய பிறகு காட்டுங்கள்.

ஆடிட்டர், மதுரை

இந்த மார்க்கைப் போடுவது யார்? எந்த விதிப்படி?

ஆடிட்டர் கேட்டால் விவரமாகத்தான் சொல்ல வேண்டும். ஓட்டைக்கு நம்பர் கொடுப்பது ஒரு வேலை, மார்க் போடுவது இன்னொரு வேலை. நம்பருக்கு சி.வி.இ. என்று பெயர். அமெரிக்காவின் மைட்டர் நிறுவனம் 1999-ல் தொடங்கிய ஏற்பாடு. ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்தது அந்த நம்பர். ஒரே ஓட்டையை நாலு பேர் நாலு பெயரில் சொல்லிக் குழப்பாமல் இருக்கத்தான் இது. பிளகின் ஓட்டைகளுக்கு இப்போது பெரும்பாலும் நம்பர் கொடுப்பவர்கள் வேர்ட்ஃபென்ஸ், பேட்ச்ஸ்டாக், டபிள்யூ.பி.ஸ்கேன் ஆகிய மூன்று பாதுகாப்பு நிறுவனங்கள். அந்த அதிகாரம் அவர்களுக்கு முறைப்படி தரப்பட்டிருக்கிறது.

மார்க் போடும் முறைக்கு சி.வி.எஸ்.எஸ். என்று பெயர். 2005-ல் வந்தது. ஃபர்ஸ்ட் என்ற சர்வதேச அமைப்பு அதைப் பராமரிக்கிறது. 2023 நவம்பரில் நான்காம் பதிப்பு வெளியாகிவிட்டது, ஆனால் பிளகின் உலகம் இன்னும் பெரும்பாலும் 2019-ன் 3.1 பதிப்பையே பிடித்துத் தொங்குகிறது. அதில் எட்டு கேள்விகள். நெட் வழியாகத் தூரத்தில் இருந்தே தாக்க முடியுமா? சுலபமா, இல்லை ஏதாவது கூடிவர வேண்டுமா? லாகின் வேண்டுமா, வேண்டுமென்றால் யாருடையது? வேறு யாராவது ஏமாந்து கிளிக் செய்ய வேண்டுமா? கேடு அந்த நிரலோடு நிற்குமா, தாண்டுமா? ரகசியம் எவ்வளவு வெளியே போகும், தகவல் எவ்வளவு திருத்தப்படும், சைட் எவ்வளவு முடங்கும்? எட்டுக்கும் விடை தந்தால் ஒரு சூத்திரம் 0 முதல் 10 வரை ஒரு எண்ணைத் துப்பும். 4-க்குக் கீழே லோ, 4.0 முதல் 6.9 வரை மீடியம், 7.0 முதல் 8.9 வரை ஹை, 9-ல் இருந்து கிரிட்டிகல்.

எட்டு கேள்வியையும் இன்னொரு முறை படியுங்கள். ஒன்றுகூட உங்கள் சைட்டைப் பற்றியது இல்லை.

வெப் டெவலப்பர், சென்னை

ஒரே வகை ஓட்டைக்கு ஒரு பட்டியலில் 6.1, இன்னொன்றில் 7.1. யார் தப்பு?

ரெண்டு பேரும் விதிப்படிதான் போட்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்வது எக்ஸ்.எஸ்.எஸ். ஓட்டையாக இருக்க வேண்டும். விஷம் வைத்த ஒரு லிங்க்கை உங்களுக்கு அனுப்புவார்கள். நீங்கள் கிளிக் செய்தால் உங்கள் பிரவுசரிலேயே, உங்கள் லாகினோடு, அவர்களுடைய நிரல் ஓடும். 'இதனால் சைட் முடங்குமா?' என்ற எட்டாவது கேள்விக்கு வேர்ட்ஃபென்ஸ் 'முடங்காது' என்கிறது, 6.1 வருகிறது. பேட்ச்ஸ்டாக் 'கொஞ்சம் தடுமாறலாம்' என்கிறது, 7.1 வருகிறது. ஒரே ஒரு விடை மாறியதில் மீடியம் ஹை ஆகிவிட்டது.

"ஏழுக்கு மேல் இருந்தால் மட்டும் எழுப்பு" என்று அலாரம் வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. அவர்கள் எந்தப் பட்டியலுக்குச் சந்தா கட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ராத்திரித் தூக்கம் அமையும். என் யோசனை, எண்ணைவிட அதன் கூடவே வரும் எழுத்துச் சங்கிலியைப் படியுங்கள். 'பி.ஆர்.' பக்கத்தில் 'என்' என்றிருந்தால் லாகின் தேவையில்லை. 'யு.ஐ.' பக்கத்தில் 'என்' என்றிருந்தால் யாரும் கிளிக் செய்யத் தேவையில்லை. இரண்டிலும் 'என்' என்றால் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

வாசகர், சேலம்

பத்துக்குப் பத்து யாராவது வாங்கியிருக்கிறார்களா?

2020 செப்டம்பரில் டபிள்யூ.பி. ஃபைல் மேனேஜர் என்ற பிளகினுக்கு வேர்ட்ஃபென்ஸ் 10 கொடுத்தது. ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இருந்த பிளகின். சர்வருக்குள் போகாமலே கோப்புகளை ஏற்ற, இறக்க, மாற்ற உதவும். அதற்குள் எல்ஃபைண்டர் என்ற இன்னொருவருடைய நிரல் தொகுப்பு இருந்தது. அந்தத் தொகுப்போடு ஒரு மாதிரிக் கோப்பும் வரும். அதைத் தெரியாமல்கூட யாரும் ஓட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அதன் பெயருக்குக் கடைசியில் 'டிஸ்ட்' என்று ஒட்டி, ஓடாதபடி வைத்திருப்பார்கள். பிளகின்காரர்கள் பெயரின் அந்த வாலை வெட்டிவிட்டார்கள். கோப்புக்கு உயிர் வந்தது. லாகின் எதுவும் கேட்காமல், யார் அனுப்பும் கோப்பையும் வாங்கி சர்வரில் வைக்க ஆரம்பித்தது.

அதன் பிறகு நடந்ததுதான் கூத்து. உள்ளே புகுந்த சில கும்பல்கள் செய்த முதல் வேலை, அந்த ஓட்டைக் கோப்புக்குப் பாஸ்வேர்ட் போட்டது. மற்ற கும்பல்கள் வந்துவிடக் கூடாதாம்! சைட் சொந்தக்காரர் செய்யாத பாதுகாப்பு வேலையைத் திருட வந்தவர் செய்தார்.

இன்னொரு கணக்கும் உண்டு. பிளகின் இருந்தது ஏழு லட்சத்துச் சொச்சம் தளங்களில். அந்த ஓட்டையைத் தேடித் தாக்குதல் முயற்சி நடந்ததாக வேர்ட்ஃபென்ஸ் சில நாட்களிலேயே எண்ணியது 26 லட்சம் தளங்களில்.

தையல் வகுப்பு நடத்துபவர், நாகர்கோவில்

என் சைட்டுக்கு நாளைக்கு ஐம்பது பேர் வந்தால் அதிகம். என்னை யார் ஹேக் செய்யப் போகிறார்கள்?

மேலே உள்ள 26 லட்சத்தைப் பார்த்தீர்களா? பிளகினே இல்லாத தளங்களையும் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். தட்டியது மனிதர்கள் இல்லை, பாட்கள். உங்கள் பெயர், ஊர், வருமானம் எதுவும் அவற்றுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. உங்களிடம் தகவல் எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு முகவரி இருக்கிறது, கூகுளிடம் அதற்குக் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. போலி வங்கிப் பக்கம் வைக்கவும், வருகிறவர்களை மோசடிப் பக்கத்துக்குத் திருப்பிவிடவும் அது போதும். பலாடா இன்ஜெக்டர் என்ற ஒரே தாக்குதல் தொடர் 2017-ல் இருந்து சுமார் பத்து லட்சம் வேர்ட்பிரஸ் தளங்களைக் கெடுத்திருக்கும் என்று சுகுரி நிறுவனம் 2023-ல் மதிப்பிட்டது. அந்தப் பத்து லட்சத்தில் தையல் வகுப்புகள் இருக்காது என்று நினைக்கிறீர்களா?

பெயர் வேண்டாம், கோவை

பணம் கட்டி வாங்க வேண்டிய பிளகினை ஒரு சைட்டில் இலவசமாகத் தருகிறார்கள். இறக்கலாமா?

நீங்கள் மிச்சம் பிடிக்கும் காசை வேறொருவர் உங்கள் சைட்டில் சம்பாதித்துக்கொள்வார்.

மருத்துவமனை நிர்வாகி, திருச்சி

பாதுகாப்புக்கென்றே ஒரு பிளகின் போட்டுவிட்டோம். இனி நிம்மதிதானே?

2024 நவம்பரில் ரியலி சிம்பிள் செக்யூரிட்டி என்ற பிளகினுக்கு 9.8 கிடைத்தது. நாற்பது லட்சம் தளங்களில் இருந்த பாதுகாப்பு பிளகின். ஓட்டை இருந்தது எந்த இடத்தில் தெரியுமா? இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு செய்யும் பகுதியில். வருகிறவர் காட்டும் அடையாளம் தப்பு என்பதை நிரல் சரியாகவே கண்டுபிடித்தது. 'தப்பு' என்று ஒரு பதிலையும் தயார் செய்தது. பிறகு அந்தப் பதிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவரை நிர்வாகியாகவே உள்ளே விட்டது.

அந்த வசதியை ஆன் செய்து வைத்திருந்த, அதாவது அக்கறையாக இருந்த தளங்கள்தான் மாட்டும் நிலையில் இருந்தன. சோம்பேறிகளுக்கு ஆபத்தில்லை. ஆபத்தின் அளவைப் பார்த்து, வேர்ட்பிரஸ் தரப்பே பல தளங்களில் கட்டாய அப்டேட்டைத் தள்ளியது. இதற்காகப் பாதுகாப்பு பிளகினைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதுவும் ஒரு பிளகின்தான், அதையும் அப்டேட் செய்ய வேண்டும்.

ஆன்லைன் நகைக் கடை, காரைக்குடி

எங்களுக்கு வந்த அறிவிப்பில் 'லாகின் இருந்தால்தான் தாக்க முடியும்' என்று போட்டு மார்க்கைக் குறைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாமா?

ஆச்சி, உங்கள் கடையில் யாருக்கு லாகின் உண்டு? நகை வாங்க வருகிற எல்லாருக்கும். ஒரு இமெயில் கொடுத்தால் கணக்கு தயார். அப்புறம் அந்த 'லாகின் வேண்டும்' என்ற நிபந்தனை எதைத் தடுக்கும்?

2023 மார்ச்சில் எலிமென்டர் ப்ரோ என்ற பிளகினில் இதே கதை நடந்தது. லாகின் தேவை என்பதால் 9.8-க்குப் பதில் 8.8. ஆனால் அந்த ஓட்டை திறந்ததே விற்பனைக்கான வூகாமர்ஸ் பிளகினும் சேர்ந்து ஓடும் தளங்களில், அதாவது கடைகளில். சாதாரண வாடிக்கையாளர் கணக்கை வைத்துக்கொண்டே தளத்தின் அமைப்புகளை மாற்ற முடிந்தது. 'புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் நிர்வாகி' என்று ஒரு அமைப்பை மாற்றிவிட்டு, புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கினால் தீர்ந்தது வேலை. ஓட்டை வெளியே தெரிந்ததும் தாக்குதலும் தொடங்கிவிட்டது.

இப்போது முந்தைய பதிலோடு சேர்த்துப் பாருங்கள். நாற்பது லட்சம் தளத்து 9.8, அந்த வசதியை ஆன் செய்யாதவரைத் தொடவே இல்லை. 8.8 வாங்கியது நகைக் கடையை நிர்வாணமாக்கிவிடும். சி.வி.எஸ்.எஸ். செய்தவர்களே தங்கள் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், இது தீவிரத்தை அளப்பது, ஆபத்தை அளப்பது அல்ல என்று. கையேட்டை யார் படிக்கிறார்கள்! அடுத்த மாதம் வேண்டாம், இன்றே செய்துவிடுங்கள்.

ஐ.டி. மேலாளர், பெங்களூரு

அப்படியானால் எதை வைத்து வரிசைப்படுத்துவது? வாரம் நூறு அறிவிப்பு வருகிறது.

மார்க்கோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்று, ஈ.பி.எஸ்.எஸ். அடுத்த 30 நாளில் இந்த ஓட்டையை யாராவது பயன்படுத்தும் வாய்ப்பு எவ்வளவு என்று தினமும் கணித்துச் சொல்வது. அதையும் ஃபர்ஸ்ட் அமைப்புதான் வெளியிடுகிறது. இரண்டு, உண்மையிலேயே தாக்குதலுக்கு ஆளான ஓட்டைகளின் பட்டியல். அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பரில் தொடங்கியது. பத்துக்குப் பத்து வாங்கிய ஃபைல் மேனேஜர் அதில் இருக்கிறது. ஆனால் அது அமெரிக்க அரசு அலுவலகங்களை மனதில் வைத்துப் போட்ட பட்டியல். பிளகின்கள் அதில் சொற்பம். அதில் இல்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

நூறு அறிவிப்பு என்கிறீர்களே, முதலில் எத்தனை பிளகின் வைத்திருக்கிறீர்கள்?

புகைப்படக் கலைஞர், புதுச்சேரி

அப்டேட் செய்தால் சைட் உடைகிறது. செய்யாவிட்டால் திட்டுகிறீர்கள். நான் என்னதான் செய்வது?

உடைந்த சைட் பத்து நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும், முதல் வாடிக்கையாளரே போன் செய்வார். ஹேக் ஆன சைட் மாதக்கணக்கில் சிரித்துக்கொண்டே நிற்கும். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினமும் பேக்கப், அதுவும் அதே சர்வரில் அல்லாமல் வேறிடத்தில். பிளகின்கள் தானாகவே அப்டேட் ஆகும் வசதி 2020-ல் வந்த வேர்ட்பிரஸ் 5.5-ல் இருந்தே உண்டு, ஆன் செய்யுங்கள்.

ஓட்டையை அடைத்துப் புதுப் பதிப்பு வந்த நாளில்தான் ஆபத்தே தொடங்குகிறது. நிரல் எல்லார் கண்ணுக்கும் திறந்திருக்கிறது. பழைய பதிப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வரியை மாற்றினார்கள் என்று தெரியும், எங்கே ஓட்டை இருந்தது என்றும் தெரியும். வூகாமர்ஸ் பேமென்ட்ஸில் 2023 மார்ச்சில் அடைத்த ஓட்டை 9.8. அனுப்பும் கோரிக்கையின் தலைப்பில் 'நான் ஒன்றாம் நம்பர் யூஸர்' என்று எழுதினால் அப்படியே நம்பிக்கொண்டிருந்தது அந்த பிளகின். இத்தனைக்கும் அதைச் செய்தது மல்லன்வெக்கின் சொந்த நிறுவனம் ஆட்டோமேட்டிக். நாலு மாதம் கழித்து, ஜூலை நடுவில், ஒரே நாளில் 1,57,000 தளங்கள் மீது 13 லட்சம் தாக்குதல்களை வேர்ட்ஃபென்ஸ் எண்ணியது. நாலு மாதம் அப்டேட் செய்யாமல் வைத்திருந்தவர்களைத் தேடித்தான் அத்தனை முயற்சியும்.

அதே வாசகரின் இன்னொரு கேள்வி

தானாக வரும் அப்டேட்டிலேயே விஷம் இருந்தால்?

கெட்டிக்காரர். இருந்திருக்கிறது. டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்று இரண்டு லட்சம் தளங்களில் இருந்த பிளகினை 2017-ல் அதன் சொந்தக்காரர் 15,000 டாலருக்கு விற்றார். வாங்கியவர் அடுத்த அப்டேட்டுகளில் விளம்பரக் குப்பைகளைத் தள்ளும் பின்வாசலை வைத்தார். அந்தக் குப்பை, லாகின் செய்தவர் கண்ணுக்குத் தெரியாது. சைட் சொந்தக்காரர் எப்போதும் லாகின் செய்துதானே பார்ப்பார்? வேர்ட்பிரஸ் பட்டியலில் இருந்து அதை நாலு முறை தூக்க வேண்டியிருந்தது. 2024 ஜூனில் இன்னொரு விதம்: வேறெங்கோ கசிந்த பாஸ்வேர்டையே இங்கும் வைத்திருந்த சில பிளகின் ஆசிரியர்களின் கணக்கில் புகுந்து, சோஷியல் வார்ஃபேர் உள்ளிட்ட பிளகின்களில் விஷத்தைக் கலந்தார்கள். அதன் பிறகு, 2024 அக்டோபர் 1 முதல் பிளகின் ஆசிரியர்களுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயமானது.

இருந்தும் தானியங்கி அப்டேட்டை நிறுத்தச் சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட கதைகளை விரல் விட்டு எண்ணலாம். அடைக்காத ஓட்டையில் விழுந்தவர்களை எண்ண விரல் போதாது.

ஹோட்டல் உரிமையாளர், ஏற்காடு

ஒரு பிளகினை டீஆக்டிவேட் செய்துவிட்டேன். போதுமா?

போதாது. கோப்புகள் அங்கேயேதான் இருக்கின்றன. ஃபைல் மேனேஜரின் அந்த வால் வெட்டிய கோப்பை நேரடியாக முகவரி போட்டு அழைக்க முடியும், பிளகின் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்று அது கேட்பதே இல்லை. வேண்டாதது என்று தோன்றினால் டெலீட் செய்யுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிளகினை வேர்ட்பிரஸ் தன் பட்டியலில் இருந்தே நீக்கிவிட்டாலும் உங்கள் சைட்டில் அது ஜம்மென்று ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்டேட் வராது. வராததால், எல்லாம் புதுசாகவே இருப்பது போலத் தோன்றும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பிளகினின் பக்கத்தையும் திறந்து, ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது நல்லது.

பொறியியல் மாணவி, தஞ்சாவூர்

இந்த ஓட்டைகளைக் கண்டுபிடிப்பவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

2024-ல் லைட்ஸ்பீட் கேஷ் பிளகினில் ஓட்டை கண்ட ஜான் பிளாக்பர்னுக்கு பேட்ச்ஸ்டாக் 14,400 டாலர் கொடுத்தது. ஐம்பது லட்சம் தளங்களுக்கு மேல் இருந்த பிளகின். கணக்குப் பிடிக்கும் என்றால் இது உங்களுக்கு இனிக்கும்.

அந்த பிளகினுக்கு, ஒரு யூஸர் பார்ப்பது போலவே பக்கங்களைத் தானே போய்ப் பார்த்துத் தயார் செய்து வைக்கும் வசதி உண்டு. 'நான் பிளகின்தான், வழி விடு' என்று காட்ட ஆறெழுத்து ரகசியச் சொல் ஒன்றை வைத்திருந்தது. ஆறெழுத்து என்றால் கோடிக்கணக்கில் சாத்தியங்கள் இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சொல்லை உருவாக்க எடுத்துக்கொண்ட விதை, அந்த நொடியின் மைக்ரோ செகண்ட் பகுதி மட்டும். ஒரு நொடியில் மைக்ரோ செகண்டுகள் பத்து லட்சம். ஆக, எவ்வளவு நீளமாகத் தெரிந்தாலும் அந்தச் சொல் பத்து லட்சத்தில் ஒன்றுதான். ஒரு முறை உருவாக்கிய பிறகு அது மாறுவதும் இல்லை. நொடிக்கு மூன்று என்று நிதானமாக முயன்றாலும் நாலு நாளுக்குள் பட்டியல் முழுவதும் முடிந்துவிடும். கிடைத்துவிட்டால் நீங்கள் நிர்வாகி. மார்க் 9.8. தற்செயல் எண் என்று எதைப் பார்த்தாலும் விதை எது என்று கேளுங்கள், பொறியியல் படிப்புக்குச் செலவழித்த பணம் திரும்பி வர வாய்ப்பிருக்கிறது.

வழக்கறிஞர், சென்னை

பனாமா பேப்பர்ஸ் வெளியானது ஒரு பிளகினால்தான் என்கிறார்களே?

என்கிறார்கள். நிரூபித்தவர் இல்லை. 2016-ல் மொசாக் ஃபொன்சேகா நிறுவனத்தின் ஒரு கோடியே பதினைந்து லட்சம் ஆவணங்கள் வெளியே வந்தன. அதன் இணையதளத்தில் ரெவல்யூஷன் ஸ்லைடர் என்ற பிளகினின் பழைய பதிப்பு இருந்ததை வேர்ட்ஃபென்ஸ் சுட்டிக்காட்டியது. 2014-லேயே ஊரறிந்த ஓட்டை அது. உள்ளே போக வழி இருந்தது என்பது சரி, அந்த வழியாகத்தான் போனார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை. கோர்ட்டில் நீங்களே இதைச் சந்தேகத்தின் பலன் என்பீர்கள்.

வாசகர், வேலூர்

ஹேக் ஆனவர்கள் அதன் பிறகு என்ன ஆகிறார்கள்?

2011-ல் மார்க் மாண்டரின் பிளாக், டிம்தம்ப் என்ற படம் சுருக்கும் நிரலில் இருந்த ஓட்டை வழியாக ஹேக் ஆனது. அவரே நோண்டிப் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னார். பிறகு வேர்ட்ஃபென்ஸைத் தொடங்கினார். எல்லாருக்கும் இப்படி அமையாது, நீங்கள் பேக்கப் எடுங்கள்.

பள்ளித் தாளாளர், திண்டுக்கல்

ஓட்டை தெரிந்ததும் அப்டேட் செய்துவிட்டோம். கதை முடிந்ததா?

ஓட்டை அடைபட்டது. அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டவர் இருந்தால் அவரும் உள்ளேயே இருக்கிறார். நிர்வாகிகள் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் போடாத பிளகின் இருக்கிறதா என்று பாருங்கள். படங்கள் மட்டும் இருக்க வேண்டிய அப்லோட்ஸ் ஃபோல்டரில் பி.எச்.பி. கோப்பு இருந்தால் அது படம் எடுக்க வந்ததில்லை. எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், டேட்டாபேஸுடையதையும் சேர்த்து.

மாட்டியிருப்பது தெரிந்தால் சொல்ல வேண்டிய இடமும் உண்டு. சைட்டுக்குள் அத்துமீறி நுழைந்து நிரலைச் செருகுவது உட்பட சைபர் சம்பவங்களைத் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்தது. கடிகாரம் ஓடத் தொடங்குவது உங்களுக்குத் தெரிந்த நேரத்தில் இருந்து. பலருடைய கடிகாரம் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

வெப் டிசைனர், திருப்பூர்

சைட் பராமரிப்புக்கு வருடத்துக்கு ஒரு தொகை கேட்டால், "அதான் ஓடுதே தம்பி" என்கிறார் கிளையன்ட். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

9.8 கணக்கெல்லாம் அவரிடம் பேசாதீர்கள், நல்ல மார்க் என்று நினைத்துக்கொள்வார். அவர் எதிரிலேயே கூகுளில், அவருடைய சைட்டுக்குள் மட்டும் தேடும்படி தேடிக் காட்டுங்கள். ஹேக் ஆன சைட்களில் ஜப்பானிய மொழியில் ஆயிரக்கணக்கான போலிச் சரக்குப் பக்கங்களை முளைக்க வைப்பது பழைய வித்தை. அதற்கென்று கூகுளே ஒரு உதவிப் பக்கம் எழுதி வைத்திருக்கும் அளவுக்குப் பழசு. அவருடைய பனியன் கம்பெனி பெயரில் டோக்கியோவுக்குக் கைப்பை வியாபாரம் நடந்துகொண்டிருந்தால் செக் புத்தகம் தானாக வெளியே வரும். அப்படி எதுவும் வரவில்லை என்றால் அவர் வாங்கிக் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு வாருங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி தேடிப் பார்க்கலாம்.